கோடீஸ்வரன் வழக்கில் வென்றது யார்? தீர்ப்புகளைத் தேடுவதும் சரிபார்ப்பதும்

மொழியுரிமை பற்றிய எமது மேடைகளிலும் பத்திரிகைப் பத்திகளிலும் கோடீஸ்வரன் வழக்கின் பெயர் அடிக்கடி அடிபடுவதுண்டு. தனிச் சிங்களச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றமே தீர்ப்பளித்து விட்டது என்பார் ஒருவர். இல்லை, உயர் நீதிமன்றத்தில் அவர் தோற்றுப் போனார் என்பார் மற்றொருவர். இலண்டன் வரை சென்று வென்றவர் அவர் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கின்றது. ஆயினும், அவர்களுள் எவரது கூற்றையேனும் அப்படியே நம்பி ஒரு மனுவையோ ஆய்வுக் கட்டுரையையோ எழுதினால் அது பிழையாகவே முடியும்.

நடந்தது இதுதான். அரசாங்க எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த கோடீஸ்வரனுக்கு, சிங்கள மொழித் தேர்ச்சி பெறவில்லை என்ற காரணத்தால் 1962ஆம் ஆண்டு வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பளித்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என வாதிட்டு அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1964ஆம் ஆண்டு மாவட்ட நீதிபதி அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டார். சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். அரச ஊழியர் ஒருவர் தமது சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிட முடியாது என்று கூறி 1967ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற பிரதான வினாவுக்குள் அது நுழையவேயில்லை. பின்னர் பிரிவி கவுன்சில் என அறியப்பட்ட இலண்டன் கோமறைக் கழகம், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என 1969 டிசம்பரில் தீர்ப்பளித்து, அரசியலமைப்பு வினாவை ஆராயுமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது. திருப்பி அனுப்பப்பட்ட வினாவுக்கு உயர் நீதிமன்றம் விடையளிக்காமலே அத்தியாயம் மூடப்பட்டது.

ஆகவே, இவ்வழக்கை மொழிச் சட்டம் செல்லாது என்பதற்கான இறுதித் தீர்ப்பாகக் காட்டுவது தவறு. செல்லும் என்பதற்கான தீர்ப்பாகக் காட்டுவதும் தவறு. அரச ஊழியரின் சம்பள உரிமை பற்றிய தீர்ப்பாகவே அது நிலைத்து நிற்கின்றது. பத்திரிகையாளரான நாமும் இவ்வகைத் தவறுக்கு விதிவிலக்கல்லர் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்வது நேர்மையாகும். வழக்கின் ஒரு கட்டத்தை மாத்திரம் தலைப்பாக்கி, எஞ்சியதை மறந்துவிடும் பழக்கம் எம்மிடையே நெடுநாளாக உண்டு.

தீர்ப்பு என்பது தனித்து நிற்கும் ஒரு தாள் அன்று. அதற்கு முன்னால் ஒரு வரலாறும் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. இரண்டையும் அறியாதவரின் கையில் அது பயன்தருவதை விடத் தீங்கு விளைவிப்பதே அதிகம். சட்ட மாணவர், ஆய்வாளர், ஊடகவியலாளர், தமது வழக்கைத் தாமே விளங்கிக்கொள்ள முயலும் சாதாரண பிரசை ஆகிய அனைவருக்கும் பயன்படும் என்பதால், தீர்ப்புகளைத் தேடும் முறையையும் சரிபார்க்கும் முறையையும் இங்கு சற்று விரிவாக நோக்குவோம். இது சட்டத்தரணியின் ஆலோசனைக்கு ஈடாகாது என்பதையும் சொல்லி வைப்பது அவசியம்.

தீர்ப்புக்கும் ஒரு முகவரி உண்டு

எமது நாட்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றி விட்டது. பொன்னம்பலம் இராமநாதன் தொகுத்த அறிக்கைகள் இன்றும் அவரது பெயராலேயே எடுத்தாளப்படுகின்றன. பின்னர் வந்த ‘நியூ லோ ரிப்போர்ட்ஸ்’ என்ற வரிசை எண்பது தொகுதிகள் வரை நீண்டது. 1978 முதல் ‘ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ்’ அதன் இடத்தைப் பெற்றுள்ளது. ‘சிலோன் லோ வீக்லி’, ‘சிலோன் லோ ரெக்கோடர்’ முதலான வேறு வரிசைகளும் இருந்தன.

‘72 என்.எல்.ஆர். 337’ என்று ஒருவர் குறிப்பிட்டால், நியூ லோ ரிப்போர்ட்ஸின் 72ஆம் தொகுதியில் 337ஆம் பக்கத்தில் அத்தீர்ப்பு தொடங்குகின்றது என்பது பொருள். கோடீஸ்வரன் வழக்கின் கோமறைக் கழகத் தீர்ப்பு அங்கேதான் உள்ளது. அதே வழக்கின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 70ஆம் தொகுதியின் 121ஆம் பக்கத்தில் இருக்கின்றது. 72ஆம் தொகுதியில் வழக்கின் பெயர் ‘கோடீஸ்வரன் எதிர் சட்டமா அதிபர்’ என்றும், 70ஆம் தொகுதியில் ‘சட்டமா அதிபர் எதிர் கோடீஸ்வரன்’ என்றும் காணப்படும். மேன்முறையீடு செய்தவரின் பெயர் முன்னால் வருவதால் ஒரே வழக்கு இரண்டு பெயர்களில் நிற்கின்றது. இதை அறியாதவர் இவற்றை இரு வேறு வழக்குகள் என்று எண்ணக்கூடும்.

ஆண்டு விடயத்திலும் கவனம் தேவை. அறிக்கையில் உள்ள ஆண்டு பெரும்பாலும் தொகுதிக்குரியதேயன்றித் தீர்ப்பு வழங்கப்பட்ட ஆண்டு அன்று. 1969 டிசம்பரில் வழங்கப்பட்ட அதே தீர்ப்பு இங்கிலாந்து அறிக்கை வரிசையில் 1970ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது.

பெயரின் எழுத்துக்கூட்டல் மற்றொரு பொறியாகும். அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ், அரபுச் சொற்கள் அங்கே பல உருவங்களில் நடமாடுகின்றன. ‘தேசவழமை’ என்பதன் முதல் எழுத்துக்குப் பின்னால் ‘எச்’ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நடுவில் ‘டபிள்யூ’ வரலாம், ‘வீ’யும் வரலாம். ‘தேடியதேட்டம்’ என்பதற்கோ எழுதியவர் தொகையளவுக்கு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. முஹம்மத் என்ற பெயரின் நிலைமையைச் சொல்லவே வேண்டியதில்லை. பழைய தீர்ப்புகளிலும் சட்டங்களிலும் முஸ்லிம்கள் ‘முகம்மதியர்’ என்றும் ‘சோனகர்’ என்றும் குறிக்கப்பட்டனர். எனவே ‘முஸ்லிம்’ என்ற சொல்லை மட்டும் கணினியில் இட்டுத் தேடுபவருக்கு 1806ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டக்கோவையை ஆராய்ந்த தீர்ப்புகள் பல அகப்படமாட்டா. கணினி ‘இல்லை’ என்று சொன்னால், அந்த எழுத்துக்கூட்டலில் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

றீட் வழக்கும் முப்பது ஆண்டுகளும்

ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்த பின்னர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘இது இன்னும் உயிரோடு இருக்கின்றதா?’ என்பதாகும். இதற்கு றீட் வழக்கை விடச் சிறந்த உதாரணத்தைக் காண்பதரிது.

1933ஆம் ஆண்டு பொதுச் சட்டத்தின் கீழ் கிறிஸ்தவ முறைப்படி விவாகஞ் செய்த ஒருவர், அவ்விவாகம் நீடித்திருக்கையிலேயே 1959இல் இஸ்லாத்தைத் தழுவி முஸ்லிம் சட்டப்படி இரண்டாவது விவாகஞ் செய்துகொண்டார். இருதாரமணக் குற்றத்துக்காக அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சட்டமா அதிபரின் மேன்முறையீட்டையும் கோமறைக் கழகம் நிராகரித்தது. பல சமயத்தவர் வாழும் நாட்டில் மதம் மாறவும், மாறிய மதத்தின் சட்டப்படி விவாகஞ் செய்யவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் அதுவே இந்நாட்டின் சட்டமாக விளங்கிற்று.

1997 டிசம்பரில் நிலைமை மாறியது. அபேசுந்தர வழக்கில், மேன்முறையீட்டில் றீட் தீர்ப்பின் அடிப்படையில் கிடைத்த விடுதலையை உயர் நீதிமன்றம் நீக்கியது. ஒருதார விவாகச் சட்டத்தின் கீழ் திருமணமான ஒருவர், தாம் மட்டும் மதம் மாறுவதன் மூலம் முதல் விவாகத்தின் கடப்பாட்டிலிருந்து விடுபட முடியாது என்றும், அவ்விவாகம் சட்டப்படி கலைக்கப்படும் வரை இரண்டாவது விவாகம் செல்லாது என்றும் அது தீர்ப்பளித்தது. ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸின் 1998ஆம் ஆண்டு முதற் தொகுதியில் 185ஆம் பக்கத்தில் இதனைக் காணலாம்.

இத்தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதம் வேறு. எமது அக்கறை இதுதான்: நியூ லோ ரிப்போர்ட்ஸின் 67ஆம் தொகுதியை நூலகத்தில் இருந்து எடுத்துப் படிப்பவருக்கு, றீட் வழக்கின் பக்கத்தில் ‘இது பின்னர் பின்பற்றப்படவில்லை’ என்ற எச்சரிக்கை எதுவும் தென்படாது. அச்சிட்ட பக்கம் அப்படியேதான் இருக்கும். இணையத்தளத்தில் ஏற்றப்பட்ட அதன் பிரதியும் அவ்வாறே. அதை மட்டும் படித்து, யாரோ ஒருவரின் அறிவுரையை நம்பி இரண்டாவது விவாகஞ் செய்பவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். அவரை நம்பி வந்த பெண்ணும் பிறக்கும் பிள்ளைகளும் அதைவிடப் பெரிய இன்னலுக்கு ஆளாவர்.

ஆகவே, ஒரு தீர்ப்பைப் பார்த்ததும் அதன் பெயரை அதற்குப் பிந்திய தீர்ப்புகளில் தேட வேண்டும். அதனைப் பின்பற்றியவை எவை, வேறுபடுத்தியவை எவை, நிராகரித்தவை எவை என்று பட்டியலிட வேண்டும். எந்த நீதிமன்றம், எத்தனை நீதியரசர் அமர்ந்த ஆயம், மாறுபட்ட தீர்ப்பு ஏதும் உண்டா என்பனவும் நோக்கப்பட வேண்டும்.

தீர்ப்பு மாறாமலே சட்டம் மாறுவதும் உண்டு. யாழ்ப்பாணத்து விவாக உரிமைகள், முதுசம் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் தேடியதேட்டத்துக்கான வரைவிலக்கணம், 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்டது. 1947க்கு முற்பட்ட தீர்ப்பொன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய காணிப் பிணக்கொன்றைத் தீர்க்க முனைவது, பழைய வரைபடத்தை வைத்துப் புதிய வீதியைத் தேடுவது போலாகும். விவாகம் நடந்த திகதி, சொத்து வாங்கிய திகதி, திருத்தம் வந்த திகதி ஆகிய மூன்றையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டே அத்தகைய தீர்ப்புகளைப் படிக்க வேண்டும்.

அச்சேறாத தீர்ப்புகள்

எல்லாத் தீர்ப்புகளும் அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. தொகுப்பாசிரியர்கள் தெரிவு செய்தவையே அச்சேறுகின்றன. ஏனையவை வழக்கிலக்கத்தாலும் திகதியாலுமே அறியப்படுகின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் விண்ணப்பத்தை நிராகரித்து 2006 செப்டெம்பர் 15ஆந் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சட்ட உலகில் பெரிதும் விவாதிக்கப்பட்ட ஒன்று. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் விருப்புரிமை நெறிமுறையில் இலங்கை இணைந்துகொண்ட விதம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அதில் கூறப்பட்டது. அத்தீர்ப்பைத் தேடுபவர்கள் 182/99 என்ற விசேட மேன்முறையீட்டு அனுமதி விண்ணப்ப இலக்கத்தைக் கொண்டே அதை அடையாளம் காண்கின்றனர். 99 என்பது விண்ணப்பம் பதியப்பட்ட ஆண்டைக் குறிக்கும். தீர்ப்பு வந்ததோ ஏழு ஆண்டுகளின் பின்னர்.

இன்று உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தமது அண்மைக்காலத் தீர்ப்புகளை இணையத்தளங்களில் வெளியிடுகின்றன. ‘லோநெற்’, ‘கொமன்லீ’ போன்ற தளங்களில் பழைய அறிக்கைகளை இலவசமாகப் பார்க்கலாம். இவை பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. எனினும் எந்த ஒரு தளமும் முழுமையானதன்று. அச்சுப் பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றும்போது இலக்கங்கள் பிறழ்வதும் வரிகள் விடுபடுவதும் சாதாரணம். மேற்கோள் காட்டுமுன் அச்சுத் தொகுதியோடு, அல்லது நீதிமன்றம் உறுதிப்படுத்திய பிரதியோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதே உத்தமம்.

தீர்ப்பின் முகப்பில் உள்ள தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவதும் கூடாது. அது தொகுப்பாசிரியர் எழுதியது, நீதியரசர் எழுதியதன்று. தீர்ப்பினுள்ளும் முடிவுக்கு இன்றியமையாத காரணம் எது, நீதியரசர் போகிற போக்கில் சொன்ன கருத்து எது என்று பிரித்தறிய வேண்டும். முன்னையதே பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும்.

ஒரு மாதமே அவகாசம்

இவையெல்லாம் சட்டத்தரணிகளின் கவலை, எமக்கென்ன என்று வாசகர் சிலர் நினைக்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை விதித்த எல்லை. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கிற் கொள்ளப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. தடுத்து வைக்கப்பட்டவர்களின் பெற்றோரும் மனைவியரும் ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு ஆறுதலடைவதை நாம் கண்டிருக்கின்றோம். ஆனால் முறைப்பாடு செய்தாலே போதுமா, அல்லது விசாரணை உண்மையில் நிலுவையில் இருப்பதைக் காட்ட வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே குரலில் பேசவில்லை. முறைப்பாடே போதும் என்ற தீர்ப்பை மட்டும் அறிந்திருந்த ஒருவர், மற்றைய தீர்ப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். அவரது முறைப்பாட்டின் நியாயம் அதன் பின்னர் எவர் காதிலும் விழாது.

காதி நீதிமன்றங்களின் நிலைமை இன்னொரு விதமானது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியின் முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்ற இடமளிக்கவில்லை. தாபரிப்புக் கேட்டு வரும் தாய் தனக்காகத் தானே பேச வேண்டியவளாகின்றாள். காதிகள் சபையின் தீர்ப்புகளில் ஒரு பகுதி முன்னர் தனித் தொகுதிகளாக அச்சாகின. அவை அவளது கைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் அவை ஆங்கிலத்தில் உள்ளன.

இல்லாத வழக்குகள்

அண்மைக் காலத்தில் புதியதொரு அபாயமும் சேர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டு நியூயோர்க்கில் விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் ஆஜரான சட்டத்தரணிகள் சமர்ப்பித்த முன்தீர்ப்புகளில் ஆறு உலகில் எங்குமே இல்லாதவை எனத் தெரியவந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலியான ‘சட் ஜி.பி.ரி.’ அவற்றைப் பெயர், இலக்கம், நீதிபதி சகிதம் புனைந்து கொடுத்திருந்தது. இவ்வழக்கு உண்மையானதா என்று சட்டத்தரணி அதே செயலியிடம் கேட்டார்; ஆம் என்று அது பதிலளித்தது. நீதிமன்றம் ஐயாயிரம் டொலர் தண்டம் விதித்தது. 2025 ஜூன் மாதம் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றம் இத்தகைய இரண்டு விவகாரங்களை ஒன்றாக ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்றில் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் இல்லாதவை. இவ்வாறு நடந்துகொள்ளும் சட்டத்தரணிகள் நீதிமன்ற அவமதிப்புக்கும் அதைவிடக் கடுமையான நடவடிக்கைக்கும் ஆளாகலாம் என்று அந்நீதிமன்றம் எச்சரித்தது.

சாட்சியின் உண்மைத்தன்மையைச் சாட்சியிடமே கேட்டுத் திருப்தியடைந்ததுதான் நியூயோர்க் சட்டத்தரணி செய்த தவறு. இயந்திரம் வழிகாட்டலாம், ஆனால் அது காட்டிய பக்கத்தை நாமே திறந்து பார்க்க வேண்டும். பக்கத்தைத் திறந்து பாராத மேற்கோள் வெறும் வதந்தியே. அதை இயந்திரம் சொன்னாலும் சரி, மூத்த சட்டத்தரணி சொன்னாலும் சரி, பத்திரிகை சொன்னாலும் சரி.

எமது மொழியில் வேண்டியது

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகளாக ஏற்றுள்ளது. வடக்கு, கிழக்கில் நீதவான் நீதிமன்றங்களும் மாவட்ட நீதிமன்றங்களும் தமிழில் இயங்குகின்றன. ஆனால் அவற்றைக் கட்டுப்படுத்தும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் வழக்காடும் பிரசை, தனது வழக்கைத் தீர்மானிக்கும் சட்டத்தைத் தனது மொழியில் படிக்க முடியாத நிலை நீடிக்கின்றது. தேசவழமை பற்றிய தீர்ப்பையும் முஸ்லிம் விவாகம் பற்றிய தீர்ப்பையும் அவற்றுக்கு உட்பட்ட மக்களே படிக்க முடியாதிருப்பது விசித்திரமான நிலை அன்றோ?

இதற்கு அரசை மட்டும் எதிர்பார்த்திருப்பது போதாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறையும் ஏனைய சட்டக் கல்வி நிறுவனங்களும் சட்டத்தரணிகள் சங்கங்களும் மனம் வைத்தால், தேசவழமை, முஸ்லிம் சட்டம், மொழியுரிமை, தடுப்புக்காவல் ஆகிய நான்கு துறைகளில் முக்கிய தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கங்களை வெளியிடுவது முடியாத காரியமன்று. ஒவ்வொரு சுருக்கத்தின் கீழும் அத்தீர்ப்பின் முழு முகவரியும், பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்ற ஒரு வரியும் இருத்தல் வேண்டும். அந்த ஒரு வரியே இத்தனை பக்கங்களிலும் பெறுமதி மிக்கது.

கோடீஸ்வரன் தமது சம்பள ஏற்றத்துக்காக நீதிமன்றத்தை நாடி ஆறு தசாப்தங்கள் கடந்து விட்டன. அவர் எழுப்பிய வினாவுக்கு நீதிமன்றம் இறுதி விடை தரவில்லை. அதை விடை கிடைத்ததாகக் காட்டுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. விடை கிடைக்காமற் போனது எப்படி என்பதைத் தொகுதி எண்ணோடும் பக்க எண்ணோடும் அடுத்த தலைமுறைக்குச் சரியாகச் சொல்லி வைப்பதே அவருக்குரிய மரியாதையாகும்.